மக்கள் வீடியோ ஏற்றும் தளம்: ஹோஸ்டிங் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"எங்க தளத்துல ஆளுங்க வீடியோ அப்லோட் பண்ணுவாங்க, எந்த ஹோஸ்டிங் நல்லது?" என்று யாராவது கேட்டால் உடனே பத்துப் பதில் வந்து விழும். ஒருவர் ஒரு கம்பெனி பெயரைச் சொல்வார், இன்னொருவர் அதைவிட மலிவாக ஒன்றைச் சொல்வார், மூன்றாமவர் "அன்லிமிடெட் பிளான் எடுத்துடுங்க, கவலையே இல்ல" என்று பேச்சை முடித்துவிடுவார். ஹோஸ்டிங் என்றால் நம் தளத்தை இணையத்தில் வைத்துக் காட்ட வாடகைக்கு எடுக்கும் இடம். அதற்கு மாதம் எத்தனை நிமிட வீடியோ ஏறும், மொத்தம் எத்தனை நிமிடம் பார்க்கப்படும் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு எண்கள் தெரியாமல் சொல்லப்படும் பதில் எல்லாமே குத்துமதிப்புதான்.

புரோகிராமிங் தெரியாதவரும் அந்த இரண்டு எண்களைப் போட்டுவிட முடியும். அதற்கு வீடியோ ஒரு தளத்துக்குள் வந்து வெளியே போவது எப்படி என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

கட்டுரை முழுக்க இரண்டு கற்பனைத் தளங்களை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். முதல் தளம் ஒரு சிலம்ப ஆசிரியருடையது. அவரிடம் 200 மாணவர்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை வீட்டில் செய்த பயிற்சியை மூன்று நிமிட வீடியோவாக எடுத்து ஏற்றுகிறார்கள், ஆசிரியர் பார்த்துவிட்டுத் திருத்தம் சொல்கிறார். இரண்டாவது ஒரு சமையல் தளம். ஊர் ஊராக இருப்பவர்கள் ஏற்றிய மூன்று நிமிட வீடியோக்கள் மொத்தமே 100தான், ஆனால் ஒவ்வொன்றையும் மாதம் 10,000 முறை ஜனங்கள் பார்க்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வீடியோ தளங்கள். ஒன்றுக்குச் சரியான ஹோஸ்டிங் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

உள்ளே நடப்பது நான்கு வேலை

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் காய்கறி வண்டி வந்து நிற்கும், சரக்கை இறக்கி எண்ணி வாங்க ஓர் ஆள் வேண்டும். அப்புறம் நறுக்கி, வேகவைத்து, கூட்டு பொரியல் என்று ஆக்குகிறவர்கள் தனி. ஆக்கியதையும் மிச்சச் சரக்கையும் பத்திரமாக வைக்க உக்கிராண அறை. கடைசியாகப் பந்தி. சாம்பார் என்னவோ ஓர் அண்டாதான், ஆனால் 300 இலைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அங்கேதான் ஆள்பலம் வேண்டும். நாலு பேருக்குச் சமைக்கும்போது இந்த நான்கையும் வீட்டு அடுப்படியில் ஒருவரே செய்துவிடலாம். முந்நூறு பேருக்கு அப்படிச் செய்ய முடியாது.

வீடியோ தளத்திலும் இதே நான்குதான். பயனரின் ஃபோனிலிருந்து கோப்பை வாங்குவது, அதை எல்லாக் கருவியிலும் ஓடும்படி மாற்றுவது, மாற்றியதை வைத்திருப்பது, கேட்கிறவர்களுக்கு அனுப்புவது. எழுத்தும் படமும் மட்டும் இருக்கும் தளத்தில் இந்த நான்கும் மிகச் சிறிய வேலைகள், ஒரே சர்வர் (தளத்தை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கம்ப்யூட்டர்) அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். அதனால்தான் "ஹோஸ்டிங்" என்று ஒரே பொருளாக நமக்கு விற்கிறார்கள். வீடியோ வந்ததும் நான்கும் நான்கு விதமாக வீங்கும். சிலம்பத் தளத்தில் வாங்குவதும் மாற்றுவதும் பெரிசு, அனுப்புவது சின்னது. சமையல் தளத்தில் அனுப்புவது மட்டும்தான் பெரிசு, மற்ற மூன்றும் ஒன்றுமே இல்லை.

முதலில் கணக்கு

இணைய வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். இவ்வளவுதான் கணிதம்.

ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பதுதான் பிட்ரேட். சாதாரண ஃபோனில் 1080பி தரத்தில் எடுத்தால் நொடிக்கு சுமார் 16, 17 மெகாபிட் ஆகும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 2 எம்பி, நிமிடத்துக்கு சுமார் 120 எம்பி. ஐஃபோனில் கேமரா செட்டிங்ஸைத் திறந்தால் அதிலேயே எழுதியிருக்கும்: 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி, 4கே என்றால் 170 எம்பி. புதிய வகைச் சுருக்க முறை என்பதால் அதில் அளவு குறைவு. நாம் பாதுகாப்பாக 120 என்றே வைத்துக்கொள்வோம்.

சிலம்பத் தளம்: மூன்று நிமிடம் 360 எம்பி, 200 மாணவர்களுக்கு வாரம் 72 ஜிபி, மாதம் கிட்டத்தட்ட 290 ஜிபி உள்ளே வருகிறது. இதை 720பி தரத்துக்கு, நொடிக்கு 2 மெகாபிட் என்று மாற்றினால் மூன்று நிமிட வீடியோ 45 எம்பியாகச் சுருங்கிவிடும். மாதம் 800 வீடியோ, மொத்தம் 36 ஜிபி. ஆசிரியரும் மாணவரும் வீட்டாருமாக ஒவ்வொன்றையும் ஐந்து முறை பார்த்தால் வெளியே போவது 180 ஜிபி.

சமையல் தளம்: வைத்திருப்பது 100 வீடியோ, 45 எம்பி வீதம் வெறும் 4.5 ஜிபி. ஒரு பழைய பென் டிரைவில் அடங்கிவிடும். ஆனால் மாதம் பத்து லட்சம் பார்வை, பார்வைக்கு 45 எம்பி. மொத்தம் 45,000 ஜிபி, அதாவது 45 டிபி வெளியே போக வேண்டும்.

எல்லோரும் கடைசிவரை பார்க்க மாட்டார்கள், அதனால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் வித்தியாசம் புரிந்திருக்கும். சிலம்பத் தளத்தில் உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு. சமையல் தளத்தில் நேர் எதிர். உங்கள் தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் எந்த ஹோஸ்டிங் பக்கத்தையும் திறக்க வேண்டும்.

"அன்லிமிடெட்" பிளானில் என்னதான் இருக்கிறது?

ஷேர்ட் ஹோஸ்டிங் என்றால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை ஒன்றாகக் குடிவைப்பது. மாதம் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதுதான். பள்ளிக்கூடத் தளம், கடைத் தளம், வலைப்பூ எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதும், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீடியோவுக்கு வரும்போது அந்த அன்லிமிடெட் என்பது டிஸ்க் இடத்தையும் டிரான்ஸ்ஃபரையும் (உள்ளே வந்து வெளியே போகும் டேட்டா) பற்றி மட்டும் சொல்கிற வாக்குறுதி. சிபியுவை, அதாவது சர்வரின் மூளையை, எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம், ஒரே சமயத்தில் எத்தனை புரோசஸ் (தனித்தனி வேலை) ஓடலாம், மொத்தம் எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு, அவை விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும். பல நிறுவனங்களின் விதிமுறைகளில் வீடியோ பகிரும் தளம் நடத்தக்கூடாது, கோப்புக் கிடங்காகப் பயன்படுத்தக்கூடாது என்றே நேரடியாக எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் காசு கட்டிவிட்டு, தளம் கொஞ்சம் சூடுபிடிக்கிற நேரத்தில் கணக்கு முடக்கப்பட்டால் யாரிடம் போய் வாதாடுவது?

இன்னொரு சின்னப் பூட்டும் இருக்கிறது. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் ஓடுவது பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழி. ஏற்றப்படும் கோப்புக்கு அது இயல்பாக வைத்திருக்கும் உச்ச அளவு 2 எம்பி. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், 2 எம்பி என்பது ஃபோன் வீடியோவில் ஒரே ஒரு நொடி. ஹோஸ்டிங்காரர்கள் இதை நூறு, இருநூறு எம்பி என்று உயர்த்திக் கொடுப்பார்கள்தான். அப்போதும் நம் மாணவரின் 360 எம்பி வாசலிலேயே நின்றுவிடும்.

சுருக்கமாக: ஷேர்ட் ஹோஸ்டிங் தளத்தின் பக்கங்களுக்குச் சரி, அதன் வீடியோவுக்குச் சரிப்படாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வாங்குவது: ஏற்றம் பாதியில் அறுந்தால்?

இந்தப் பகுதியைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை, பயனர் தளத்தைத் திட்டுவதும் இங்கேதான். ஒரு மாணவி மொபைல் டேட்டாவில் ஏற்றுகிறாள் என்று வையுங்கள். அப்லோடு வேகம் 5 மெகாபிட் கிடைத்தால் 360 எம்பி ஏற கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கால் வரும், சிக்னல் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், ஃபோன் திரை அணைந்துபோகும். சாதாரண அப்லோடு ஃபாரம் என்றால் 95 சதவீதத்தில் அறுந்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாவது தடவை அவள் முயற்சி செய்யப்போவதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

இதற்குத் தீர்வு கோப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்புவது. அறுந்தால் கடைசித் துண்டு மட்டும் திரும்பப் போகும். இதைத் தொடர் அப்லோடு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் சேவை இதை ஆதரிக்கிறதா என்று பார்ப்பது, மாதக் கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதற்குச் சமமான முக்கியம்.

அடுத்தது, வீடியோ உங்கள் வலைத்தள சர்வர் வழியாகவே வரத் தேவையில்லை. சர்வர் ஒரு தற்காலிக அனுமதி முகவரியை உண்டாக்கி பிரவுசரிடம் கொடுக்கும், "இந்த இடத்தில் இந்தக் கோப்பை அரை மணி நேரத்துக்குள் போடலாம்" என்கிற மாதிரி. பிரவுசர் கோப்பை நேராக, வீடியோக்களை வைத்திருக்கும் தனிக் கிடங்குக்கு அனுப்பிவிடும் (அதைப் பின்னால் பார்ப்போம்). உங்கள் சின்ன சர்வருக்குப் பாரமே இல்லை. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் இலவசத் திட்டத்தைத் தளத்துக்கு முன்னால் போட்டிருப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் அதன் வழியாக ஒரே கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் உள்ளே வர முடியாது.

மாற்றுவது: சிபியுவை விழுங்கும் வேலை

வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உள்ள முறையின் பெயர் கோடெக். 2003இல் வந்த எச்.264 கோடெக்தான் இன்றும் ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். புதிய ஐஃபோன்கள் எடுப்பது எச்.265. அதே தரத்துக்கு அளவு குறைவு, ஆனால் எல்லா பிரவுசரும் அதை ஓட்டாது. ஐஃபோனில் எடுத்து ஏற்றியவருக்கு அருமையாகத் தெரிகிறது, பழைய கம்ப்யூட்டரில் பார்ப்பவருக்குக் குரல் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பு. தளம் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். தளத்தில் குறை ஒன்றுமில்லை, ஏறிய கோப்பை மாற்றாமல் அப்படியே காட்டியதுதான் காரணம்.

ஒரு கோடெக்கில் இருப்பதை இன்னொன்றுக்கோ வேறு தரத்துக்கோ மாற்றுவதுதான் டிரான்ஸ்கோடிங். பெரும்பாலும் இதைச் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள், 2000இலிருந்து வளர்ந்து வருவது. பெரிய பெரிய வீடியோ நிறுவனங்களின் அடியிலும் இதுதான் ஓடுகிறது.

இந்த வேலை சிபியுவை முழுசாக எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு சிபியு கோர் உள்ள மலிவு விபிஎஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விபிஎஸ் என்பது ஒரு பெரிய சர்வரிலிருந்து நமக்கென்று வரம்பு கட்டிப் பிரித்துக் கொடுத்த பங்கு. அதில் மூன்று நிமிட வீடியோவை மூன்று தரத்துக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகிறது என்று கணக்கு வைப்போம். மாதம் 800 வீடியோதானே என்று தோன்றும். ஆனால் மாணவர்கள் மாதம் முழுக்கச் சீராக ஏற்ற மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொத்தமாக வருவார்கள். ஒரே மாலையில் 100 வீடியோ வந்தால் 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கும் மேல். அதே சர்வர்தான் தளத்தின் பக்கங்களையும் காட்ட வேண்டும் என்றால் அந்த எட்டு மணி நேரமும் பக்கம் திறக்காது.

இதற்காகப் பெரிய சர்வர் வாங்க ஓட வேண்டாம். வீடியோக்களை வரிசையில் நிறுத்தி, தனி சர்வரில் ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். ஞாயிறு மாலை ஏறியது திங்கள் காலையில் தயார், ஆசிரியரும் அப்போதுதான் பார்க்கப்போகிறார். ஏற்றிய உடனே எல்லோரும் பார்த்தாக வேண்டிய தளம் என்றால்தான் இங்கே பணம் செலவழிக்க வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு, பலர் இதில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எம்பி4 கோப்புக்குள் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை இருக்கும். பல நேரம் அது கோப்பின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். அட்டவணை கைக்கு வராமல் பிரவுசரால் முதல் காட்சியைக்கூடக் காட்ட முடியாது, அதனால் பிளே அழுத்தியதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற ஒரு தெரிவைப் போட்டால் அட்டவணை முன்னால் வந்துவிடும், வீடியோ சட்டென்று தொடங்கும். ஹோஸ்டிங் மந்தம் என்று ஜனங்கள் கம்பெனி மாற்றும் சந்தர்ப்பங்களில் சிலவற்றுக்கு நிஜக் காரணம் இந்த அட்டவணைதான்.

இன்னும் ஒரு படி மேலே போனால் எச்எல்எஸ். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த முறை. வீடியோவை ஆறு நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு மூன்று தரத்தில் வைத்திருப்பார்கள். பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ப பிளேயர் அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று தானே முடிவு செய்யும். பஸ்ஸில் போகும்போது படம் கொஞ்சம் மங்கினாலும் நிற்காமல் ஓடுகிறதே, அது இதனால்தான்.

ஆனால் கோப்புகளின் எண்ணிக்கை எகிறிவிடும். மூன்று நிமிடத்துக்கு 30 துண்டு, மூன்று தரத்தில் 90. மாதம் 800 வீடியோ என்றால் 72,000 கோப்புகள். ஷேர்ட் ஹோஸ்டிங்கின் கோப்பு எண்ணிக்கை வரம்பு இங்கேயும் வந்து இடிக்கும்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால், ஏறிய கோப்பை அப்படியே காட்டக்கூடாது, பொதுவான கோடெக்குக்கு மாற்ற வேண்டும். அந்த வேலையைத் தளம் ஓடும் சர்வரில் செய்யக்கூடாது.

வைப்பது: இருப்பதிலேயே மலிவு இதுதான்

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்பது கோப்புகளை மட்டும் வைத்துத் திருப்பித் தரும் கிடங்கு. மென்பொருள் எதுவும் அதில் ஓடாது, இடம் தீரவும் தீராது, வைத்த ஜிபிக்கு மட்டும் வாடகை. அமேசான் 2006இல் தொடங்கிய எஸ்3தான் இந்த வகையின் முன்னோடி. பேக்பிளேஸ் பி2, கிளவுட்ஃப்ளேர் ஆர்2 எல்லாம் பின்னால் வந்தவை. வாடகை ஜிபிக்கு மாதம் அரை சென்ட்டிலிருந்து இரண்டரை சென்ட்டுக்குள்தான். 4.5 ஜிபி சமையல் தளத்துக்கு எஸ்3 வாடகை மாதம் பத்து சென்ட், நம் கணக்கில் பத்து ரூபாய் வரும்.

யோசிக்க வேண்டிய ஒரே விஷயம் மூலக் கோப்பை வைத்திருப்பதா என்பது. சிலம்பத் தளத்தில் மாற்றிய கோப்பு மாதம் 36 ஜிபி, மூலமோ 290 ஜிபி. ஒரு பயிற்சி வீடியோவின் மூலத்தைக் காலகாலத்துக்கும் வைத்திருக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. மாற்றியது சரியாக ஓடுகிறது என்று உறுதியானதும் ஒரு மாதம் விட்டு அழித்துவிடலாம்.

அனுப்புவது: பில் வரும் இடம்

கிடங்கிலிருந்து இணையத்துக்கு வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் வசூலிக்கும் கட்டணத்தை இக்ரெஸ் என்பார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கிடங்கு வாடகையை, பில்லில் பெரிதாக வருவது இதை.

எஸ்3இன் அமெரிக்க விலைப்பட்டியல்படி மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட், 10 டிபியைத் தாண்டினால் கொஞ்சம் குறையும். மும்பையிலிருந்து அனுப்பினால் விலை இன்னும் கூடுதல். இப்போது சமையல் தளத்தின் 45 டிபியைப் பெருக்கிப் பாருங்கள்: மாதம் 3,800 டாலருக்கு மேல். நம் பணத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டும். வைக்கப் பத்து ரூபாய், அனுப்ப மூன்று லட்சம். வீடியோ ஹோஸ்டிங்கில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த ஒப்பீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இக்ரெஸ் கட்டணமே இல்லாத கிடங்குகளும் உண்டு. ஆர்2இல் வெளியே போவதற்குக் காசு இல்லை, கோப்பைக் கேட்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் சிறு கட்டணம். பி2இல் வைத்திருக்கும் அளவைப்போல மூன்று மடங்கு வரை வெளியே போவது இலவசம். சமையல் தளத்துக்கு முதலாவது சரியாகப் பொருந்தும், இரண்டாவது அவ்வளவாக உதவாது. 4.5 ஜிபிக்கு மூன்று மடங்கு என்றால் வெறும் 13.5 ஜிபிதானே.

அடுத்து சிடிஎன். உலகின் பல ஊர்களில் சர்வர் வைத்து, ஒருமுறை கேட்கப்பட்ட கோப்பின் நகலை அங்கேயே வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அருகிலிருந்தே கொடுக்கும் வலைப்பின்னல் அது. "வீடியோவா, சிடிஎன் போடுங்க" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஒரே வீடியோவை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கும் சமையல் தளத்துக்கு அது உயிர். சிலம்பத் தளத்தில் ஒரு வீடியோவை மொத்தம் ஐந்து முறைதான் பார்க்கிறார்கள், அதுவும் வேறு வேறு நாளில். நகல் வைத்தும் பயனில்லை, கேட்கும்போதெல்லாம் மூலக் கிடங்கிலிருந்துதான் வரப்போகிறது. அந்தத் தளத்துக்கு மாணவர்களுக்குப் பக்கத்தில், மும்பையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு சர்வர் இருந்தாலே போதும்.

கிளவுட்ஃப்ளேரின் இலவச சிடிஎன்னை வீடியோவுக்கு அப்படியே பயன்படுத்தலாம் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2023இல் விதிமுறையை மாற்றி எழுதியபோதும், வேறு எங்கோ வைத்திருக்கும் வீடியோவை அதன் வழியாகப் பெருமளவில் அனுப்புவதற்கான தடை நீங்கவில்லை. வீடியோவை அவர்களுடைய ஆர்2இலோ ஸ்ட்ரீம் சேவையிலோ வைத்திருந்தால்தான் அனுமதி.

சர்வரிலிருந்தே அனுப்புவதாக இருந்தால் மாத டிரான்ஸ்ஃபர் மட்டும் பார்த்தால் போதாது, ஒரே நேரத்தில் எவ்வளவு போகும் என்பதும் முக்கியம். சர்வரின் இணைப்பு 100 மெகாபிட், வீடியோ 2 மெகாபிட் என்றால் ஒரே சமயத்தில் 50 பேர் பார்க்கலாம். 51ஆவது ஆள் வந்ததும் எல்லோருக்கும் சேர்த்து நிற்கத் தொடங்கும். அளவில்லாத டிரான்ஸ்ஃபர் என்று விற்பவர்களிடம் இணைப்பின் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, எதை எடுப்பது?

நான்கு வேலையையும் சேர்த்துச் செய்து கொடுக்கும் வீடியோ சேவைகள் இருக்கின்றன. கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம், மக்ஸ் போன்றவை. ஸ்ட்ரீமில் விலை நிமிடக் கணக்கில்: வைத்திருக்கும் 1,000 நிமிடத்துக்கு மாதம் 5 டாலர், பார்க்கப்படும் 1,000 நிமிடத்துக்கு 1 டாலர், மாற்றும் வேலைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

சிலம்பத் தளத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,400 நிமிடம் ஏறுகிறது, 12,000 நிமிடம் பார்க்கப்படுகிறது. முதல் மாதம் 25, 30 டாலருக்குள் முடிந்துவிடும். பழைய பயிற்சி வீடியோக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீக்கினால் அது 50 டாலர் அளவில் நின்றுவிடும். தொடர் அப்லோடு, டிரான்ஸ்கோடிங், எச்எல்எஸ், பிளேயர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இவ்வளவையும் நாமே கட்டுவதற்கு ஆகும் உழைப்பை நினைத்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். தளத்தின் பக்கங்களுக்கு இப்போது இருக்கும் ஷேர்ட் ஹோஸ்டிங்கே போதும்.

அதே சேவை சமையல் தளத்துக்கு? மாதம் 30 லட்சம் நிமிடம் பார்க்கப்படுகிறது, 3,000 டாலர். அங்கே இது கட்டுப்படியாகாது. வீடியோக்கள் நூறுதான் என்பதால் ஒரு சின்ன விபிஎஸ்ஸில் மாற்றி, இக்ரெஸ் இல்லாத கிடங்கிலோ ஜிபிக்கு ஒன்றிரண்டு சென்ட் வாங்கும் சிடிஎன்னிலோ வைப்பதுதான் சரி. வேலை கூடும், ஆனால் செலவு சிடிஎன்னில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும், இக்ரெஸ் இல்லாத கிடங்கில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

யூடியூபில் ஏற்றி நம் தளத்தில் காட்டினால் என்ன என்று கேட்கலாம். வீடியோ எல்லாம் நம்முடையது என்றால் அதைவிட நல்ல இலவசம் கிடையாது. பயனர்கள் ஏற்றுவதை நம் சேனலில் போடுவது வேறு கதை. எவரோ ஒருவர் சினிமாப் பாட்டோடு ஏற்றினால் புகார் நம் சேனல் மேல் வரும், 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலையே இழக்கலாம், அதிலிருக்கும் எல்லோருடைய வீடியோவும் சேர்ந்து போகும்.

ஏறுவதற்கு நாம் பொறுப்பு

விலைப் பட்டியலில் வராத, ஆனால் நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி இது. சிலம்ப மாணவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். வீட்டு வாசலில், மொட்டைமாடியில் எடுத்த வீடியோ. ஃபோனில் இருப்பிட வசதி திறந்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். மூலக் கோப்பை அப்படியே காட்டும் தளம் அந்தக் குழந்தையின் வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுக்கிறது. மாற்றும்போது இந்தத் தகவலை நீக்கியே ஆக வேண்டும், எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு வரி வேலை.

முகவரி தெரிந்தவர் யாரும் பார்க்கலாம் என்று வீடியோவை விடக்கூடாது. சில மணி நேரத்தில் காலாவதியாகும் இணைப்பை, உள்நுழைந்தவருக்கு மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று சேவையில் பாருங்கள். இல்லையென்றால் குழந்தைகள் வீடியோவுக்கு அந்தச் சேவை வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது, அதையும் பதிவுப் படிவத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

எவரும் ஏற்றலாம் என்ற பொதுத் தளம் நடத்துபவர்களுக்கு இன்னும் கூடுதல் கடமை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறை தீர்க்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகாரைக் கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக் காட்சி ஏறினால் நீக்குவதோடு முடிந்துவிடாது, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். ராத்திரி இரண்டு மணிக்குப் புகார் வந்தால் யார் பார்ப்பார் என்பதற்குப் பதில் இல்லாதவரை, ஏறும் வீடியோவை ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே காட்டுங்கள்.

காசு கட்டும் முன்

மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 70 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். உங்கள் பயனர்கள் வைத்திருக்கும் மாதிரி ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனில் மூன்று நிமிடம் எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஏற்றிப் பாருங்கள். பாதியில் ஏர்பிளேன் மோடு போட்டு, பிறகு அதை நீக்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? செங்குத்தாக எடுத்த வீடியோ செங்குத்தாகவே வருகிறதா? நடுவில் தட்டினால் அந்த இடத்துக்குச் சட்டென்று தாவுகிறதா? வேறொரு ஃபோனில், வேறொரு நெட்வொர்க்கில் பிளே அழுத்தியதும் எத்தனை நொடியில் தொடங்குகிறது?

பிறகு பில் பக்கத்துக்குப் போய் வரம்பு வையுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: அமேசான் போன்ற இடங்களில் பட்ஜெட் அலாரம் வைத்தால் மின்னஞ்சல் மட்டும் வரும், அனுப்புவது தானாக நிற்காது. செலவு இத்தனை ரூபாயைத் தொட்டதும் வீடியோ நின்றுவிட வேண்டும் என்றால் முன்பணம் கட்டி, தீர்ந்ததும் நிற்கும் வகைச் சேவையைத் தேடுங்கள், அல்லது நிறுத்தும் வேலையைச் செய்ய உங்கள் டெவலப்பரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.